கையெழுத்துப் போடாதே, எத்திராஜு

எத்திராஜு, அம்மா எழுதறேன். ஒரே வூட்டுல இருந்துகினு எதுக்கு லெட்டர்னு ஊர்ல இருக்கறவங்க கேப்பாங்க, நீ கேக்க மாட்ட. வாயால நான் பத்து வார்த்தை சொன்னா ஆறாவது வார்த்தையிலயே உன் முகம் மூடிக்கும். அதையே எழுதி உன் தட்டுப் பக்கத்துல வெச்சா முழுசாப் படிப்ப, ஒரு வருஷம் கழிச்சுக் கேட்டாலும் ஒரு எழுத்து மாறாம திருப்பிச் சொல்லுவ. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. நீ வழக்கம் போல ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸுங்களைப் பாக்கப் போயிருக்க. அஞ்சு மணிக்கு வாசல்ல செருப்பைக் கழட்டுவ, அதுக்குள்ள நான் எழுதி முடிச்சாவணும். உங்க அப்பா எதிர்ல உக்காந்துகினு, இவ்ளோ நீளமா எழுதினா யார் படிப்பாங்கன்னு கேக்கறாரு. படிக்கறவன் படிப்பான், நீங்க சும்மா இருங்கன்னு சொல்லிட்டேன்.

மொதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன், சுத்தி வளைச்சா உனக்குப் பிடிக்காது. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு உன்னையும் என்னையும் கம்பெனிக்கு வரச் சொல்லியிருக்காங்க. அங்க ஒரு பேப்பரை உன் பக்கமாத் தள்ளுவாங்க. "சொந்தக் காரணத்தினால் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்"னு அதுல ஏற்கெனவே டைப் அடிச்சிருக்கும். கீழ உன் பேருக்கு இடம் வுட்டிருப்பாங்க. நீ அதுல கையெழுத்துப் போடாதே. உனக்குச் சொந்தக் காரணம்னு எதுவும் கெடையாது. வெள்ளிக்கிழமை அவங்க அதைக் காட்டி அனுப்பினதும் நீ வூட்டுக்கு வந்து, "போட்டுடறேம்மா, போட்டா எல்லாரும் கத்தறதை நிறுத்திடுவாங்க"ன்னு சொன்ன. அதைக் கேட்டதுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. கோவம் தாண்டா. உன் மேல இல்ல. அங்க கத்தறவங்க மேல, அவங்களுக்கெல்லாம் முன்னாடி கத்த ஆரம்பிச்ச என் மேல.

ஆமா, ஆரம்பிச்சு வெச்சது நான் தான். நீ ஆறாவது சேந்த வருஷம். பள்ளிக்கூடத்து வேப்பமரத்துல ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்க வுட்டிருந்தாங்க, அது தான் மணி. இரும்புக் கம்பியால அதை அடிச்சா நம்ம தெரு வரைக்கும் கேக்கும். அது அடிக்கறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி நீ கிளாஸை வுட்டு ஓடிப் போயி, பம்ப்செட் ரூமுக்குப் பின்னாடி காதைப் பொத்திகினு உக்காந்துக்குவ. ஒரு நாளைக்கு எத்தினி மணியோ அத்தினி ஓட்டம். வாத்தியார் ஆள் அனுப்பினாரு. நான் நடவு நட்டுகினு இருந்தவ, சேத்துக் காலோட வந்து கிளாஸ் வாசல்ல நின்னேன். நாப்பது புள்ளைங்க பாக்க, "கண்ணை மட்டும் வுட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார், நான் ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்"னு சொன்னேன்.

நம்ம பக்கத்துல பள்ளிக்கூட வாசலை மிதிக்கற எல்லா அம்மாவும் சொல்றது தான் இது. சொல்லலன்னா புள்ளைக்குச் செல்லம் குடுத்துக் கெடுக்கறான்னு பேர் வரும். வாத்தியாருக்கு மரியாதை குடுக்கறோம்னு நெனச்சுகினு சொல்றது. பாதி வாத்தியாருங்க சிரிச்சுட்டு வுட்டுடுவாங்க. உன் வாத்தியார் சிரிக்கல. அந்த வருஷம் முழுக்க உன் கெண்டைக்கால்ல புளியம் விளாறு கோடு போட்டுது. நீ சாயங்காலம் வந்து நிப்ப, நான் தேங்காண்ணெய் தடவிகினே, இனிமே ஓடுவியா ஓடுவியான்னு கேப்பேன். எதுக்கு ஓடற, அந்த மணி உனக்கு இன்னா பண்ணுதுன்னு ஒரு நாளாவது கேட்டேனா? கேக்கல. போன வருஷம் நீ சாப்பிட்டுகினு இருந்தப்ப திடீர்னு தலையைத் தூக்கி, அன்னிக்கு இன்னா கெழமை, நான் இன்னா கலர் பொடவை கட்டியிருந்தேன், எல்லாத்தையும் சொல்லிட்டு, "அவரு கண்ணை வுட்டுட்டாரும்மா, நீ சொன்னாப்பலயே"ன்ன. உன் கொரல்ல கோவமே இல்ல. நடந்ததை நடந்தபடி சொன்ன, அவ்ளோ தான். நான் எழுந்து பின்பக்கம் போயி அழுதுட்டு வந்தேன். உன்கிட்ட இன்னிக்கு வரைக்கும் மன்னிப்புக் கேக்கல. இப்ப கேக்கறேன். தப்பு பண்ணிட்டேன் எத்திராஜு.

ஏழாவதுல கணக்கு டீச்சர் வந்தாங்க, ஞாபகம் இருக்கும். காஞ்சிபுரத்துலேர்ந்து பஸ்ஸுல வருவாங்க, குள்ளமா, எப்பவும் கைக்குட்டையை இடுப்புல சொருகிகினு. அவங்க உன்னை அடிக்கல, ரெண்டு வாரம் சும்மா பாத்துகினே இருந்தாங்க. அப்புறம் ஒரு நாள் தன் கைக்கடிகாரத்தைக் கழட்டி உன் கையில கட்டி, இரும்புக் கம்பியையும் குடுத்து, இனிமே மணி அடிக்கறது எத்திராஜுன்னு சொல்லிட்டாங்க. பழைய வாத்தியார், கிறுக்கன் கையில மணியைக் குடுக்கறதான்னு ஹெட்மாஸ்டர் வரைக்கும் போனாராம். மணி நேரத்துக்கு அடிக்குதா இல்லியான்னு மட்டும் கேட்டாங்களாம் டீச்சர். அடிச்சுது. ஒரு நிமிஷம் முன்ன பின்ன இல்லாம அடிச்சுது. நீயே அடிச்சா சத்தம் எப்ப வரும்னு உனக்கு முன்னாடியே தெரியுது, அதனால பயம் இல்ல. இத்தினி சின்ன விஷயம். இதுக்கா ஒரு வருஷம் ஒரு கொழந்தை கால்ல ரத்தம் கட்டுச்சு? எழுதிக் குடுத்தா நீ கேப்பன்னு எனக்குச் சொன்னதும் அவங்க தான். வெறும் துண்டுச் சீட்டு. பல்லு வெளக்கறதுலேர்ந்து பரீட்சைக்குப் போறது வரைக்கும் துண்டுச் சீட்டுல எழுதி வெச்சேன், நீ பத்தாவது பாஸ் பண்ண.

டீச்சருக்கு மாத்தல் வந்தப்ப, சென்னையில ஒரு டாக்டரம்மா பேரை எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. போனோம். அந்தம்மா மேஜையை வுட்டு எழுந்து வந்து உன் கூடத் தரையில ஒரு மணி நேரம் உக்காந்துகினு இருந்தாங்க. அப்புறம் எங்ககிட்ட, இது நோய் இல்லம்மா, மருந்து கெடையாது, உங்க புள்ளைக்கு ஒலகம் வந்து சேர்ற விதமே வேற, இதுக்குப் பேர் ஆட்டிசம்னு சொன்னாங்க. பள்ளிக்கூடத்துக்குக் குடுங்கன்னு அரைப் பக்கம் எழுதினாங்க. தொடறதுக்கு முன்னாடி சொல்லுங்க. வேலையை எழுதிக் குடுங்க. திடீர் சத்தத்துக்கு முன்னாடி எச்சரிக்கை பண்ணுங்க. காதைப் பொத்தினா திமிருன்னு நெனைக்காதீங்க. அவ்ளோ தான் அதுல இருந்தது. திரும்பி வர்றப்ப பஸ்ஸு பூந்தமல்லி தாண்டினதும் உங்க அப்பா, செல்விக்கு வரன் பாக்கணுமேன்னாரு. அவ்ளோ தான், அந்தப் பேப்பர் பொட்டியில என் கூறைப் பொடவைக்கு அடியில போயிடுச்சு. தம்பிக்கு இப்படின்னு தெரிஞ்சா உங்க அக்காவை யார் கட்டுவாங்கன்னு பயம்.

சரி, செல்வி கல்யாணம் தான் முடிஞ்சுதே, அப்பவாவது எடுத்தேனா? எடுக்கல. அப்ப எனக்குச் சாக்கு எதுவும் இல்ல. வெக்கம். நான் பெத்த புள்ளையை நெனச்சு எனக்கு வெக்கம். எழுதறதுக்கே கை கூசுது, ஆனா உனக்குப் பொய் சொன்னா புரியாது, பிடிக்கவும் பிடிக்காது. அந்த அரைப் பக்கம் உனக்குச் சேர வேண்டியது. பூட்டி வெச்சவ நான்.

அப்புறம் நெலம் போச்சு. கம்பெனிங்க வருதுன்னு நம்ம வயலை எடுத்தாங்க, எடுத்தப்ப ஒரு குடும்பத்துக்கு ஒரு வேலைன்னாங்க. அந்த ஒரு வேலைக்கு நம்ம வூட்டுல நடந்த சண்டை உனக்குத் தெரியும், நீ அன்னிக்கு மாடிப்படிக்கு அடியில உக்காந்துகினு இருந்த. உங்க சித்தப்பா தன் மவனுக்குக் கேட்டாரு. எத்திராஜு இன்னாத்த கிழிக்கப் போறான், மூணே நாள்ல தொரத்திடுவாங்க, அண்ணி, வேலையும் போயிடும்னாரு. உங்க அப்பா தலையைக் குனிஞ்சுகினு இருந்தாரு. அந்த வயல்ல குனிஞ்சு நட்டவ நான், அந்த வேலை என் புள்ளைக்குத் தான், மூணு நாள் பாத்தா மூணு நாள் பாக்கட்டும்னு சொன்னேன். அதுலேர்ந்து உங்க சித்தப்பா நம்ம வூட்டுல தண்ணி கூடக் குடிக்கறதில்ல. குடிக்காட்டிப் போறாரு.

இவ்ளோ வீராப்பா பேசினவ அடுத்து இன்னா பண்ணேன் பாரு. இன்டர்வியூவுல உன்னை எல்லாரையும் மாதிரி காட்டணும்னு இருவது நாள் பயிற்சி குடுத்தேன். பேசும்போது எதிராளி கண்ணைப் பாக்கணும், பாக்க முடியலன்னா ரெண்டு புருவத்துக்கு நடுவுல பாருன்னேன். நீயும் போயி அந்த மேனேஜரோட நெத்தியையே வெச்ச கண்ணு வாங்காம பாத்துகினு இருந்தியாம். அவரு ரெண்டு தடவை நெத்தியைத் தொடச்சுப் பாத்துகினாராம், விபூதி ஏதாவது ஒழுங்கா இல்லியோன்னு. இப்ப நெனச்சா சிரிப்பு வருது. ஆனா உன்னை வேற ஒருத்தனா வேஷம் கட்டி அனுப்பிட்டேன்ங்கறது சிரிப்பு இல்ல. டாக்டரம்மா எழுதினது அன்னிக்கு அந்த மேஜை மேல இருந்திருந்தா, வெள்ளிக்கிழமை நடந்தது நடந்திருக்காது. அது எனக்கு நல்லாத் தெரியும்.

மூணு நாள்ல தொரத்தல. ஒன்றரை வருஷம் ஆயிடுச்சு. காருக்குள்ள ஓடற வயர் கட்டு உன் முன்னாடி வரும், எந்தக் கலர் வயர் எந்த ஓட்டையில இருக்கணுமோ அங்க இருக்குதான்னு நீ பாக்கணும். உன் தலைக்கு மேல மஞ்சக் கயிறு ஓடுது. சொவத்துல போர்டு மாட்டியிருக்கு: "பிழையைக் கண்டால் கயிற்றை இழு. பிழையை அடுத்தவருக்கு அனுப்பாதே." கயித்தை இழுத்தா லைன் நிக்கும். இதெல்லாம் நீ சொல்லி எனக்குத் தெரியாது, நீ எதைச் சொன்ன? நம்ம பின்கட்டு ரூம்ல வாடகைக்கு இருக்கான் பாரு, கோவில்பட்டிப் பக்கத்துப் பையன் தங்கராசு, உன் லைன்ல தானே இருக்கான், அவன் சொன்னான். போர்டு எல்லாருக்கும் தான், ஆனா யாரும் கயித்தை இழுக்கறதில்லயாம். லைன் நின்னா டார்கெட் போச்சு, டார்கெட் போனா சூப்பர்வைசருக்குத் திட்டு. அதனால தப்பு வயரைப் பாத்தாலும் ஒரு மஞ்ச டேப்பைச் சுத்தி அனுப்பிட்டு, கடைசியில பாத்துக்கலாம்னு வுட்டுடுவாங்களாம். நீ ஒருத்தன் தான் போர்டுல இருக்கறாப்பல செய்யறவன். இந்த ஒன்றரை வருஷமும் தப்புப் பாத்தப்பல்லாம் இழுத்திருக்க. பழைய சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்லல, அவரு லைன்லேர்ந்து போன சரக்கு ஒண்ணு கூடத் தப்புன்னு திரும்பி வந்ததில்லியாம். புதுசா வந்தவருக்கு அது பிடிக்கல.

காலையில ஷிப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் வட்டமா நின்னு கை தட்டி உறுதிமொழி கத்துவாங்களாமே. அப்ப நீ காதைப் பொத்திகினு நிப்ப. புதுசா வந்தவரு அதையும் திமிருன்னு எடுத்துகினாரு. யாரும் சொல்லலியே, அவருக்கு எப்படித் தெரியும்? அவரைத் திட்டிகினே வந்த எனக்கு, இதை எழுதும்போது அவரைத் திட்ட வாய் வரல. தெரிய வேண்டியது என் பொட்டியில தானே இருந்தது.

வெள்ளிக்கிழமை நீலம் இருக்கற எடத்துல பச்சை இருந்தது. நீ கயித்தை இழுத்த. அன்னிக்கு அது அஞ்சாவது தடவையாம். அவரு ஓடி வந்து, இன்னொரு தபா கையை வெச்சன்னா பாருன்னு கத்தினாரு. நீ போர்டைக் காட்டின. ஆறாவது தடவை இழுக்கப் போனப்ப அவரு பின்னாலேர்ந்து உன் மணிக்கட்டைப் பிடிச்சு முறுக்கினாரு. நீ தள்ளின. அவரு பொருள் வெக்கற கூடை மேல வுழுந்து முழங்கை சிராய்ச்சுடுச்சு. சூப்பர்வைசர் முன்னாடி வந்து சொல்லியிருந்தா எத்திராஜு தள்ளியிருக்க மாட்டான், அவனைப் பின்னால இருந்து தொட்டா அவனுக்கு ஆவாதுன்னு எங்க எல்லாத்துக்கும் தெரியுமேன்னு தங்கராசு எங்கிட்ட சொன்னான். எல்லாத்துக்கும் தெரியும்னா ஏண்டா நீ அங்க சொல்லலன்னு கேட்டேன். அவன் தரையைப் பாத்துகினு, "நானும் கான்ட்ராக்ட் தானேம்மா, என்னையும் போகச் சொல்லிட்டா ஊருக்கு என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்"னான். அவனைக் குத்தம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல.

நேத்து கம்பெனியிலேர்ந்து ஹெச்.ஆர். ஆள் ஒருத்தரு வூட்டுக்கு வந்தாரு, நீ உன் ரூம்ல இருந்த. மரியாதையான மனுஷன் தான், செருப்பை வெளிய வுட்டுட்டு வந்தாரு. என்கொயரி வெச்சா பையன் பேர் கெட்டுடும், அதுக்குப் பதிலா அவனே விலகிக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டா எல்லாருக்கும் நல்லதும்மான்னாரு. அப்புறம் கொரலைத் தாழ்த்தி, "பாவம்மா, நல்ல பையன் தான். ஆனா இது கம்பெனி, ஆஸ்பத்திரி இல்ல பாருங்க"ன்னாரு.

பாவம். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. உனக்கு அஞ்சு வயசுலேர்ந்து பாவம். பாவம்னு சொல்லிட்டா அப்புறம் எதுவும் செய்ய வேணாம் பாரு, உச்சுக் கொட்டிட்டுப் போயிடலாம். அடிக்கறவங்களை விட இந்தப் பாவம் சொல்றவங்க மேல தான் எனக்கு இப்பல்லாம் கோவம் ஜாஸ்தி வருது. இன்னொரு கூட்டம் இருக்கு, உன்னைப் பாத்து, இவன் பஸ் நம்பரெல்லாம் சொல்றானே, பெரிய மேதையா இருப்பான் போலன்னு வாயைப் பொளக்கறவங்க. நீ மேதையெல்லாம் இல்ல. சில நாள் உன் கை மெதுவாத் தான் போவுது, அதையும் தங்கராசு சொன்னான். மேதையா இருந்தா தான் வேலையில வெச்சுக்கணுமா? அந்த லைன்ல சுமாரா வேலை செய்யறவன் எத்தினி பேர் இருக்கான், அவங்க யாரையாவது எழுதிக் குடுன்னாங்களா? நீ சுமாரா வேலை செஞ்சாலும் உனக்கு அந்த வேலை உண்டு. நம்ம வயலு மேல தானே அந்தக் கட்டடமே நிக்குது.

ஹெச்.ஆர். ஆளுக்கு நான் டீ குடுத்தேன். குடுத்துட்டு ஒண்ணு கேட்டேன். உங்க லைன்ல குள்ளமா இருக்கற பசங்களுக்கு இன்னா பண்ணுவீங்கன்னேன். காலுக்குக் கீழ பலகை போடுவோம்னாரு. எடது கைக்காரனுக்கு? கூடையை இந்தப் பக்கம் மாத்தி வெப்போம்னாரு. கண்ணாடி போட்டவனை எழுதிக் குடுன்னு சொல்லுவீங்களான்னேன். என் புள்ளைக்கும் ஒரு பலகை தான் சார் கேக்கறேன்னு சொன்னேன். தொடறதுக்கு முன்னாடி முன்னால வந்து சொல்லுங்க, வேலையை எழுதிக் குடுங்க, காலையில நீங்க கத்தும்போது அவனைக் கதவு ஓரமா நிக்க வுடுங்க. இதுக்கு உங்க கம்பெனி இன்னா கொறைஞ்சு போயிடும்? கடைசியா, அந்தப் போர்டைப் பத்தியும் சொன்னேன். "ஒண்ணு அவன் கையை வுடுங்க சார், இல்லன்னா அந்தப் போர்டைக் கழட்டுங்க." அவரு எழுந்துட்டாரு. நாளைக்கு பத்து மணிக்கு வந்து அங்க பேசிக்கங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. பேசிக்கறேன்.

உனக்கும் ஒண்ணு சொல்லணும். நீ தள்ளினது தப்பு. அவரு பிடிச்சு முறுக்கினது அதை விடப் பெரிய தப்பு, இருந்தாலும் உன்னது தப்பு இல்லன்னு ஆயிடாது. ஆட்டிசம்னு ஒரு பேர் இருக்குதுன்னு அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுகினா, நாளைக்கு யாரும் நம்மளை நம்ப மாட்டாங்க. நாளைக்கு அந்த ரூம்ல அவரும் இருப்பாரு. "சார், நான் தள்ளினது தப்பு"ன்னு சொல்லு. நெத்தியைப் பாக்க வேணாம், மேஜையைப் பாத்துகினே சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தையும் வேணாம். மன்னிப்பு வேற, கையெழுத்து வேற. அவங்க ரெண்டையும் ஒண்ணாக் கலக்கப் பாப்பாங்க, நீ கலக்காதே.

இப்ப ஒரு கேள்வி. அந்த டாக்டரம்மா பேப்பரைப் பொட்டியிலேர்ந்து எடுத்து வெச்சிருக்கேன். மடிச்ச எடம் கிழிஞ்சிருக்கு, எழுத்து நல்லாத் தான் இருக்கு. நாளைக்கு அதை எடுத்துகினு போகட்டுமா? அதை மட்டும் இல்ல, இந்த லெட்டரையும் ஜெராக்ஸ் எடுத்து அந்த மேஜை மேல வெக்கணும், இன்னொண்ணை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்னு எனக்கு ஆசை. அங்க இன்னிக்கும் எவளோ ஒருத்தி வாசல்ல நின்னு கண்ணை மட்டும் வுட்டுடுங்கன்னு சொல்லிகினு தான் இருப்பா. அவ படிக்கட்டும், உங்க சித்தப்பாவும் படிக்கட்டும், எனக்கு இனிமே மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இது உன் விஷயம். உன்னைக் கேக்காம அடிக்கச் சொன்னேன், உன்னைக் கேக்காம மறைச்சேன். இப்ப உன்னைக் கேக்காம ஊருக்குச் சொன்னா அதுவும் அதே தான். இந்தப் பேப்பர் ஓரத்துல ஆமான்னோ வேணாம்னோ எழுதி வை. வேணாம்னா பொட்டியிலயே வெச்சுட்டு, வெறும் வாயால சண்டை போடறேன். எனக்கு வாய் நல்லாவே இருக்கு.

நாளைக்கு நடக்கப் போறதைச் சொல்லிடறேன், முன்னாடியே தெரிஞ்சா உனக்குப் பயம் இருக்காது. கம்பெனி பஸ் வேணாம், ஒம்போது மணிக்கு மேல டவுன் பஸ்ஸுல போவோம், ஜன்னல் சீட்டு உனக்கு. கேட்டுல செக்யூரிட்டி பேர் எழுதச் சொல்லுவாரு, அந்த நோட்டுல எழுதலாம், அது வேற கையெழுத்து. ரூம்ல மூணு பேர் இருப்பாங்க, ஏ.சி. மெஷின் சத்தம் போடும். ஒருத்தர் உன்கிட்ட தன்மையாப் பேசுவாரு, ஒருத்தர் அவசரப்படுத்துவாரு, கையில பேனாவைத் திணிப்பாங்க. பேனாவை மேஜை மேல வெச்சுட்டு, "எனக்குச் சொந்தக் காரணம் எதுவும் இல்ல"ன்னு சொல்லு. உண்மை அது, அதனால உனக்குச் சொல்றது கஷ்டமா இருக்காது. திரும்பக் கேட்டாங்கன்னா திரும்ப அதையே சொல்லு. கத்தினாங்கன்னா நான் பாத்துக்கறேன்.

அப்பவும் முடியாதுன்னுட்டா இன்னா பண்றதுன்னு நீ கேப்ப. முடியாதுன்னா அதே டவுன் பஸ்ஸுல திரும்பி வந்து சோறு சாப்பிடுவோம். நீ கையெழுத்துப் போடாத வரைக்கும் நீ அந்த லைன்ல வேலை செய்யற ஆள். செவ்வாக்கிழமை எப்பவும் போல ஷிப்டுக்குக் கெளம்புவ, நானும் வருவேன். உள்ள வுடலன்னா கேட்டுக்கு வெளியில உக்காருவோம், யாரு கேட்டாலும் எதுக்கு உக்காந்திருக்கோம்னு சொல்லுவோம். செவ்வாக்கிழமைக்கு உண்டானதைப் பின்பக்கத்துல நேரம் போட்டு எழுதியிருக்கேன். புதன்கிழமைக்கும் எழுதிட்டேன். வெள்ளைப் பேப்பர் ஒரு குயர் வாங்கி வெச்சிருக்கேன் எத்திராஜு, அவங்களுக்கு அலுத்துப் போற வரைக்கும் எழுதுவேன்.

உன் அம்மா